மார்கழியில் வந்த சாலை

சிராங்கூன் சாலையிலிருந்து பிரிந்து ஆற்றைப் பார்க்கப் போகிறதே ஓர் அகலமான சாலை, அதை வளைத்தவன் நான்தான். துரை நேராகத்தான் போட நினைத்தார். நான் ஒரு வார்த்தை சொன்னேன், வளைத்துவிட்டார்.

இவ்வளவும் பொய். போய்ப் பாருங்கள், தச்சன் நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கிறது. ஒரு முழம்கூட வளையவில்லை. துரையிடம் நான் ஒரு வார்த்தை சொன்னது மட்டும் உண்மை. என்ன வார்த்தை என்று பிறகு சொல்கிறேன். கேட்டால் காறித் துப்புவீர்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறேன், அதன் கூரையை வேய. இதை எழுதுகிறவர் மளிகைக்கடை நானா. நாகூர்ப் பக்கத்துக்காரர். அண்ணனை நானா என்பது அவர்கள் வீட்டு வழக்கம். எங்கள் கம்பத்தில், அதாவது குடியிருப்பில், கிழவர்கள்கூட அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வாயில் வந்தபடி கொட்டுவதை அவர் அள்ளிச் சீர்செய்து எழுதுகிறார். என்னைத் திட்டியவர்களின் திட்டை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதைச் சீர்செய்தால் ருசி போய்விடும்.

இரண்டு நாளாகச் சங்கிலி ஆட்கள் மறுபடி ஆற்றுப் பக்கம் திரிகிறார்கள். அவர்களைக் கண்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

அந்தச் சங்கிலி வேலையில் நானும் இருந்தவன்தான். ரோட்டு ஆபீசில் நிலம் அளக்கும் சங்கிலியின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை ஒரு மலாய்க்காரர் பிடிப்பார். துரை மூன்று கால் கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கையை ஆட்டுவார். வலப்பக்கம் ஆட்டினால் வலப்பக்கம் நகரவேண்டும், இடப்பக்கம் ஆட்டினால் இடப்பக்கம். கை நின்ற இடத்தில் சிவப்புத் தலை வைத்த முளைக்குச்சியை அடிக்கவேண்டும். இதற்கு மூளை வேண்டாம். அதனால் எனக்குக் கொடுத்தார்கள்.

மின்சார டிராம் ஓட ஆரம்பித்திருந்த காலம். ரிக்ஷா, மாட்டுவண்டி, டிராம் இவ்வளவும் போதாதென்று மோட்டார் வண்டி வேறு இரண்டொன்று வந்திருந்தது. அது கத்திக்கொண்டு வந்தால் எங்கள் எருமைகள் சாக்கடையில் இறங்கிவிடும். அந்த மோட்டாருக்கு அகலச் சாலை வேண்டுமாம். துரை கண்ணாடியில் பார்த்துக் கைகாட்டிய கோடு எங்கள் கம்பத்தின் நடுவே போனது. ஜாலான் புசார் தெருவுக்கு அந்தண்டை, செங்கல் சூளைகளுக்குப் பின்னால் இருந்த கம்பம். முப்பது அத்தாப்பு ஓலைக் கூரைகள், அதைவிட இரண்டு மடங்கு எருமைகள், ஒரு கிணறு, நானாவின் கடை. விடியும்போது எங்கள் பால் சிராங்கூன் சாலை முழுக்க நடந்து போகும்.

முதல் வரிசைக் குச்சிகளை அடித்துவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் ஒவ்வொரு குச்சியிலும் ஓர் எருமை கட்டியிருந்தது. நல்ல தேக்குக் குச்சி, சரியான இடைவெளி, யார் சும்மா விடுவார்கள்? ஒரு பால்காரர், முளையடித்துக் கொடுத்த புண்ணியத்துக்கு என்று எங்கள் கிராணியாருக்கு ஒரு செம்பு பால் கொண்டுவந்து நீட்டினார். கிராணியார் ஆபீசில் துரைக்கு எழுத்து வேலை பார்ப்பவர், நம்மாள்தான். பாலை வாங்கிக் குடித்துவிட்டுக் கத்த ஆரம்பித்தார்.

"எருமை கட்டவாடா அடிச்சோம்? இவங்களுக்கு ரோடு வருதுன்னு எவனுமே சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு தமிழ் வாய் வேண்டும். அன்று அங்கே இருந்த பெரிய வாய் என்னுடையது.

ஆபீசில் எனக்கு ஒரு பழைய காக்கிக் கோட்டு கொடுத்தார்கள். பித்தளைப் பொத்தான் ஐந்து. தண்டோரா போட ஒரு மண்ணெண்ணெய்த் தகரம், ஒரு கட்டை. மரத்தில் காகிதம் ஒட்டினார்கள், நாலு மொழியில். கிராணியார் எனக்கு வாய்ப்பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"ஜனவரி ஒண்ணாந் தேதிக்குள்ள எல்லாரும் காலி பண்ணணும். ஆத்துக்கு அந்தப் பக்கம் இடம் குறிச்சிருக்கு. முன்னால போறவனுக்கு மேட்டு நிலம், பின்னால போறவனுக்குப் பள்ளம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

"திருப்பிச் சொல்லு."

சொன்னேன். அப்போது சரியாகத்தான் சொன்னேன்.

கம்பத்துக்கு வந்து கிணற்றடியில் தகரத்தைத் தட்டினேன். எல்லோரும் கூடினார்கள், பாதிப்பேர் கோட்டைப் பார்க்க. முன்னால் வந்து நின்றவர் பால்கார அக்கா. புருஷன் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம். மூன்று எருமையில் இரண்டு போய், மிச்சம் ஒன்று. ஒரு கொம்பு மேலே பார்க்கும், ஒரு கொம்பு கீழே பார்க்கும். அது சினையாக இருந்தது. அது கன்று போட்டால்தான் அக்காவின் செம்பில் மறுபடி பால் விழும். அதுவரை பக்கத்துக் கொட்டகைகளில் சாணி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் வாய் மட்டும் முப்பது எருமைக்காரி வாய்.

"கோட்டு யாரு செத்தவன் கோட்டுடா?" என்றார்.

"ஆபீஸ் கோட்டுக்கா."

"ஆபீஸ் செத்துப்போச்சா?"

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து தகரத்தை இன்னொரு தட்டுத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். சாலை வருகிறது, வீடு போகிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இடம். இங்கிலீஷ் வருஷம் பிறப்பதற்குள் போகவேண்டும்.

அக்கா விரல் மடக்கி எண்ணினார். முகம் மாறியது.

"மார்கழி பாதியில வருதேடா அது."

"ஆமாக்கா."

"மார்கழில எவன்டா குடி மாறுவான்? மார்கழில நாங்க பானையக்கூட அடுப்பு மாத்த மாட்டோம். புதுசா ஒரு கால் நட முடியுமா, ஒரு கூரை ஏத்த முடியுமா? இது உன் தொரைக்குத் தெரியாதா?"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து நானா சொன்னார்: "இப்ப கார்த்திகைதானே. இந்த மாசத்துக்குள்ளயே போயிடலாமே."

"கார்த்திகை மழையில அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணி நானா," என்றார் ஒருவர். "தண்ணி வடியட்டும்."

"என் எருமை தையில கன்னு போடும்," என்றார் அக்கா. "அதுவரைக்கும் அதை ஆத்தைத் தாண்டி நடத்திக்கிட்டுப் போக முடியாது. தை பொறக்கட்டும், கன்னு விழட்டும், நானே கூரையப் பிரிச்சுக் குடுத்துட்டுப் போறேன். ரெண்டு வாரம் தள்ளிக்கச் சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐந்து பொத்தானையும் ஒன்றொன்றாகப் பார்த்தார்கள். கோட்டுப் போட்டவன் 'எனக்கு அதெல்லாம் தெரியாது' என்று சொல்லக்கூடாது. சொன்னால் கோட்டு சிரிக்கும்.

"நான் தொரைகிட்ட பேசுறேன்," என்றேன்.

"நீயா?"

"நான்தான். தினம் அவரு பக்கத்துல நிக்கிறவன் யாரு? சங்கிலி யாரு கையில இருக்கு?"

"சங்கிலி உன் கையில இருக்கா, நீ சங்கிலியில இருக்கியா?" என்றார் அக்கா. மறுபடி சிரிப்பு. ஆனால் சிரித்து முடித்ததும், "பேசுவியாடா?" என்று கேட்டார். அது வேறு குரல்.

பேசத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். இரண்டு நாள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே மனசுக்குள் பேசிப் பார்த்தேன். துரையைத் துவான் என்றுதான் கூப்பிடவேண்டும், மலாயில் ஐயா. துவான், எங்கள் சனங்கள் மார்கழியில் குடி மாறமாட்டார்கள், துவான். இரண்டே வாரம், துவான். ஓர் எருமை சினையாக இருக்கிறது, துவான். மனசுக்குள் துரை எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாகச் சொன்னார். என் மனசுத் துரை தங்கமான மனுஷர்.

மூன்றாம் நாள் மத்தியானம். துரை ஒரு மேசையைப் போட்டு அதன் மேல் பெரிய காகிதத்தை விரித்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கிராணியார் பக்கத்தில். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் போய் மேசைக்கு எதிரே நின்றேன். துரை நிமிர்ந்து பார்த்தார். நீலக் கண். நான் அவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்ததில்லை.

"என்னடா?" என்றார் கிராணியார்.

நான் வாயைத் திறந்தேன். இரண்டு நாள் அவ்வளவு சேர்த்துவைத்திருந்தேன். வெளியே வந்தது ஒன்றுதான்.

"குடை புடிக்கட்டுமா, துவான்?"

கிராணியார் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை தலையாட்டினார். மூலையில் கிடந்த பெரிய கறுப்புக் குடையை எடுத்து விரித்து, சூரியன் இறங்கும் வரை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நான் பிடித்த குடை நிழலில், எங்கள் கிணற்றின் மேல் ஒரு கோடு போட்டார். அக்காவின் கொட்டகை மேல் இன்னொன்று. மேலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. ஆனால் கிணறு வட்டமாகத்தானே இருக்கும்.

நான் துரையிடம் சொன்ன ஒரு வார்த்தை அதுதான். துப்பிவிட்டீர்களா? சரி, மேலே போவோம்.

கம்பத்துக்குத் திரும்பினேன். கிணற்றடியில் காத்திருந்தார்கள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"தலையாட்டினாரு," என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷியைக் கெடுக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு வீட்டுக்குள் போய், ஒரு வாழையிலை நறுக்கில் புட்டு கொண்டுவந்து கொடுத்தார். தின்றேன். நன்றாகவே இருந்தது.

நானா மட்டும் விடவில்லை. மரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தின் முன்னால் போய் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சத்தமாக வாசித்தார்.

"இதுல ஜனவரி ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு. தமிழ்லயே போட்டிருக்கு. தையின்னு எங்கயும் இல்ல."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். எனக்கு வாய் மூடும் வியாதி இல்லை.

"நானா, காகிதம் ஒட்டறது சின்ன ஆளு வேலை. தலையாட்டினது பெரிய தொரை. எது பெருசு?"

"எழுத்துதான் பெருசு."

"அப்ப நீங்க எழுத்தோட போங்க. நாங்க தொரையோட இருக்கோம்."

கூட்டம் கைதட்டியது. நானா கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். மறுநாளே வண்டி பிடித்து மிளகாய் மூட்டையையும் அரிசிப் பானையையும் ஏற்ற ஆரம்பித்தார். நான் வண்டியின் பின்னாலேயே தகரத்தைத் தட்டிக்கொண்டு போனேன்.

"நானா ஆத்துக்கு அந்தப் பக்கம் தவளைங்களுக்கு மிளகா விக்கப் போறாரு! தவளைங்களே, பாத்திரம் எடுத்துட்டு வாங்க!"

நானா வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "எனக்கு மார்கழியும் இல்ல, உன் தொரையும் இல்ல. அதனால போறேன். நீ அவங்களுக்கு நெசத்தைச் சொல்லிரு. ஒனக்கு நல்லது."

இதைச் சொல்லும்போது நானா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதுங்கள் நானா, நீங்கள் சொன்னதுதானே.

மார்கழி பிறந்தது. மழை விடவில்லை. நான் நினைத்தது என்ன என்று கேட்டால், ஒன்றும் நினைக்கவில்லை. துரைக்குக் காய்ச்சல் வரும், கப்பல் தாமதமாகும், சாலைக்குக் கொட்டும் சல்லி வந்து சேராது, ஏதாவது ஒன்று நடந்து தை வரைக்கும் தள்ளிப்போகும் என்று இருந்தேன். கூலிக்காரன் நம்பிக்கை எல்லாம் அப்படித்தான், அடுத்தவன் காய்ச்சலை நம்பித்தான்.

மாசம் பிறந்த நாலாம் நாள் சல்லி வந்து குவிந்தது. மலை மாதிரி. அதைப் பார்த்ததும் கம்பத்து ஆம்பளைகளுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வீடாக மார்கழியையும் மீறிக் கிளம்பினார்கள். சாமி கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு வேப்பிலைக் கொத்தை வண்டியில் கட்டிக்கொண்டு போனார்கள். என்னை யாரும் திட்டவில்லை. என் பக்கம் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வேடிக்கை பேசி ஆற்றியிருப்பேன்.

அக்கா கிளம்பவில்லை. என்னை அதிகம் கிண்டல் செய்தவர் அவர்தான். அதிகம் நம்பியவரும் அவர்தான்.

"எல்லாம் பயந்தாங்கொள்ளிப் பசங்க," என்றார். "தொரை தலையாட்டினப்புறம் என்னடா பயம்? கன்னு விழற வரைக்கும் நான் அசையமாட்டேன்."

மூன்று தரம் உண்மையைச் சொல்லப் போனேன். முதல் தரம், வந்ததும் வந்தாய் இந்தப் புல்லை நறுக்கு என்றார். நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாம் தரம், எருமைக்கு உடம்பு தேய்த்துவிட்டுக்கொண்டே கன்றுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டார். துரை பேரை வைக்கலாம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? மூன்றாம் தரம் இங்கிலீஷ் வருஷத்தின் கடைசி நாள். இனிப் போவதற்கு நாள் இல்லை.

அக்கா வாசலில் உட்கார்ந்து பால் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாகப் பால் விழாத செம்பு.

"அக்கா. தொரை தலையாட்டினாருன்னு சொன்னேன்ல."

"ம்."

"அது குடைக்கு."

தேய்த்துக்கொண்டே இருந்தார். "எந்தக் குடைக்கு?"

சொன்னேன். வெயில், மேசை, நீலக்கண், குடை, எல்லாவற்றையும். என் கதைகளிலேயே யாரும் சிரிக்காத கதை அது ஒன்றுதான். சொல்லி முடித்த பிறகும் செம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது பொன் மாதிரி மின்னியது.

"அப்ப, தை வரைக்கும்..."

"இல்லக்கா."

"நாளைக்கா?"

"நாளைக்கு ஆபீஸ் லீவு. நாளான்னிக்கு."

அவர் திரும்பி எருமையைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வாரம்டா. இது இந்தக் கொட்டகையில ரெண்டு வாரம் நின்னா போதும். இந்த வவுத்தோட இதை எப்படிடா நடத்துவேன்?"

"கிராணியார்கிட்ட பேசிப் பாக்கறேன்க்கா."

"நீ யாருகிட்டயும் பேசாத," என்றார் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஒனக்குப் புண்ணியமாப் போகட்டும். இனி நீ எனக்காக யாருகிட்டயும் பேசாத."

பேசினேன். மழையில் நனைந்துகொண்டு கிராணியார் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நின்றபடி முழுக்கக் கேட்டார். பிறகு அவர் சொன்னதுதான் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"சினை மாட்டுக் கொட்டகையா? மடையா, இதை ஒரு மாசத்துக்கு முன்னால என்கிட்ட சொல்லியிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே. ஒரு கொட்டகைய ரெண்டு வாரம் விட்டுவைக்கிறது பெரிய காரியமா? அந்த எடத்தை விட்டுட்டு மத்த எடத்துல சல்லி போடச் சொல்லியிருப்பாங்க. இப்ப தொரை பினாங்குக்குக் கப்பலேறிட்டாரு. கையெழுத்துப் போட ஆளு ஏது?"

கேட்டால் கிடைத்திருக்கும். துரையிடம்கூட இல்லை, கிராணியாரிடம் கேட்டிருந்தாலே போதும். நான் பெரிய இடத்தில் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததில், சின்ன இடத்தில் கேட்கவே இல்லை.

அந்த நாள் வந்தது. தூறல். கூலி ஆட்களை மேய்க்கும் மண்டோர் இருபது ஆட்களோடு வந்தார். என் கையில் தகரத்தைக் கொடுத்துத் தட்டச் சொன்னார். யாருக்காகத் தட்டுவது? கம்பத்தில் மிச்சம் இருந்தது ஒரு மனுஷி, ஒரு எருமை. தட்டினேன். தட்டுவதுதானே வேலை.

"மண்டோரே, அந்தக் கொட்டகைய மட்டும் கடைசியில வைங்க."

மண்டோர் கெட்டவர் இல்லை. அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தார். காலியான கூரைகள், ஒரு இழுப்புக்கு ஒன்று சாய்ந்தது. மத்தியானத்துக்குள் பக்கத்துக் கூரை வரை வந்துவிட்டார்கள். அத்தாப்பு சரிகிற சத்தத்தில் எருமை கயிற்றை அறுக்கப் பார்த்தது. அக்கா இனி நிறுத்த முடியாது என்று தெரிந்து தானே கயிற்றை அவிழ்த்தார். சட்டி பானையை ஒரு சாக்கில் கட்டி என் தலையில் வைத்தார். என்னை வா என்று சொல்லவில்லை. நான் போனேன். தகரத்தைக் கீழே போட்டுவிட்டுப் போனேன்.

சிவப்புக் குச்சிகளின் வரிசையோடு நடந்தோம். வேறு வழி எல்லாம் தண்ணீர். சாலைக்காக மேடு ஏற்றியிருந்த அந்தக் கோடு மட்டும்தான் காய்ந்திருந்தது. புதுச் சாலையில் முதல் முதலாக நடந்தது அந்த எருமைதான். பாதி தூரம்கூட வரவில்லை. ஒரு குச்சியின் பக்கத்தில் முன்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. நான் அடித்த குச்சி.

அக்கா சட்டி பானையைக் கீழே எடுத்து வைத்துவிட்டுச் சாக்கை விரித்தார். மழை வலுத்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓரத்தில் கிடந்த ஓர் அத்தாப்பு ஓலையை எடுத்து அக்காவுக்கும் எருமைக்கும் மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். உலகத்தில் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

கன்று விழுந்தது. கறுப்பாக, காது இரண்டும் மடங்கி, சின்னதாக. அக்கா மூக்கைத் துடைத்து ஊதினார். தேய்த்தார். கொஞ்ச நேரம் வயிறு ஏறி இறங்கியது. எருமை திரும்பி நக்கியது. பிறகு ஏறி இறங்கவில்லை. எருமை நக்கிக்கொண்டே இருந்தது.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்னை எப்போதும் ரோட்டுக்காரா என்றுதான் கூப்பிடுவார். அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"தை பொறந்துருச்சா, தம்பி?" என்றார்.

நான் ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கன்று இல்லாத எருமை பால் இறக்காது. பால்காரர்களுக்குத் தெரியும். கன்றின் தோலை உரித்து வைக்கோல் திணித்துத் தைத்து முன்னால் நிறுத்தவேண்டும். அதை நக்கிக்கொண்டே பால் விடும். வைக்கோல் திணித்தது நான். ஒரு காலில் அதிகமாகத் திணித்துவிட்டேன், அதனால் கன்று தானாக நிற்காது, யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். காலையிலும் மாலையிலும் போய்ப் பிடித்துக்கொண்டு நின்றேன். எருமை அதை நக்கும். பிறகு என்னை நக்கும். இரண்டில் வைக்கோல் எது என்று அதற்குச் சந்தேகம்.

அதற்குப் பிறகு ரோட்டு வேலைக்கு நான் போகவில்லை. கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன், ஒரு பொத்தான் குறைவாக. இப்போது நான் அக்காவுக்குப் புல் அறுக்கிறேன், பால் சுமக்கிறேன். மன்னித்துவிட்டாரா என்று கேட்டதில்லை. கேட்டால், எந்தக் குடைக்கு என்பார்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் வந்து சேர்ந்தபோது மேட்டு நிலம் எல்லாம் முடிந்திருந்தது. பள்ளத்தில் முழங்கால் தண்ணீர். நானா கடையிலிருந்து வெளியே வந்து எருமையைப் பார்த்தார், கன்றைச் சுருட்டிய சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்துத் தன் பின்பக்கத்து வேலியைப் பிடுங்கி, தன் இடத்துக்குள்ளேயே தள்ளி நட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த மேடுதான் இன்றைக்கு அக்காவின் கொட்டகை. இந்த வரியை எழுதமாட்டேன் என்கிறார் நானா. எழுதினால்தான் அடுத்ததைச் சொல்வேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதிவிட்டார்.

அடுத்தது, சாலை திறந்த நாள். தோரணம் எல்லாம் கட்டியிருந்தார்கள். துரை மோட்டாரில் வந்தார். நான் ஓரத்தில் தலையில் புல்லுக்கட்டோடு நின்றேன். என்னைக் கண்டதும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி, என்னைப் பார்த்துக் கையை நீட்டி...

"டேய், ரோட்டுக்காரா!"

அக்கா கூப்பிடுகிறார், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

"என்னக்கா?"

"சங்கிலிக்காரன் நம்ம கொட்டகைகிட்ட குச்சி நட்டுட்டு நிக்கிறான்டா! சிவப்புக் குச்சி!"

"எந்தத் தேதின்னு கேளுங்கக்கா."

"கேக்கமாட்டேன். வாயால சொல்றதை இனி நான் கேக்கமாட்டேன். கையில காகிதம் வச்சிருக்கான். நானாவைக் கூட்டிட்டு வா, அவரு வாசிக்கட்டும். நீ வாயைத் தொறக்காம வா!"

பேனாவை வைங்க, நானா. கண்ணாடிய எடுத்துக்குங்க. இன்னிக்கு ஆனி என்ன தேதி? கடைசி வாரமா? அடுத்தது ஆடியாச்சே, நானா.